கூடத்துச் சுவரில் தொங்கும் பழைய உருவப்படம்: அது யாருடையது, எப்போது, எங்கே வரையப்பட்டது என்று கண்டறிவது எப்படி?

திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், என் தாயார் பிறந்த வீட்டின் பட்டாசாலையில் ஒரு கிழவியின் படம் தொங்குகிறது. காதில் பாம்படம், நெற்றியில் திருநீறு, தோளை மூடிய சேலை, உள்ளே ஒரு ரவிக்கை. கரியால் வரைந்த முகம். அவர் என் ஆச்சியின் தாயார் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு மேல் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். ரவிவர்மா கைப்பட வரைந்தது என்றார் ஒரு மாமா. கொழும்பிலிருந்து கப்பலில் வந்தது என்றார் இன்னொருவர். அந்தப் படத்தின் வரலாற்றைத் தேடிப் போனபோது நான் செய்த பிழைகளையும் கற்றுக்கொண்ட முறையையும், தம் வீட்டுப் படத்தின் பூர்வீகத்தைத் தேட விரும்புகிறவர்களுக்காக இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

தொடங்கும் முன்பே ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரு பழைய உருவப்படத்துக்குக் காலம் ஒன்றல்ல, நான்கு. படத்தில் இருப்பவர் வாழ்ந்த காலம் ஒன்று. அவரைப் புகைப்படம் எடுத்திருந்தால் அது எடுக்கப்பட்ட காலம் இரண்டு. அந்தப் புகைப்படத்தைப் பார்த்து ஓவியர் வரைந்த காலம் மூன்று. சட்டம் போட்டுக் கண்ணாடி மாட்டிய காலம் நான்கு. இந்த நான்குக்கும் இடையில் ஐம்பது அறுபது ஆண்டுகள்கூட இருக்கலாம். குடும்பங்களில் நடக்கும் குழப்பங்களில் பெரும்பகுதி, இவற்றில் ஒன்றுக்குக் கிடைத்த சான்றை இன்னொன்றுக்குப் பொருத்திவிடுவதால் வருவது. ஆகவே ஒரு நோட்டுப் புத்தகத்தில் நான்கு பக்கங்களை ஒதுக்கி, கிடைக்கும் ஒவ்வொரு தடயமும் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் மட்டும் எழுதுங்கள்.

முதற்படி: தொடாமல் பாருங்கள்

படத்தைக் கழற்றித் துடைத்துவிட்டு ஆராயலாம் என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். கரியால் வரைந்த படத்தில் கரித்தூள் காகிதத்தின் மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே நிற்கிறது. ஈரத்துணி பட்டால் முகமே போய்விடும். கண்ணாடியின் வெளிப்புறத்தில் அப்பியிருக்கும் சந்தனமும் குங்குமமும்கூட முதலில் பதிவாக வேண்டும். பொட்டு எத்தனை தடவை ஒரே இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்பது, அந்தப் படம் பூசைக்குரியதாக எவ்வளவு காலம் இருந்தது என்பதற்கு ஒரு குறிப்பு.

சுவரில் இருக்கும் நிலையிலேயே பகல் வெளிச்சத்தில் நேராக ஒரு படம் எடுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, கைவிளக்கைப் படத்தின் பக்கவாட்டில், ஏறத்தாழச் சுவரோடு ஒட்டிப் பிடித்து இன்னும் சில படங்கள் எடுங்கள். நேர்வெளிச்சத்தில் தெரியாத மேடுபள்ளங்கள், அழித்து வரைந்த கோடுகள், காகிதத்தின் ஒட்டுகள் எல்லாம் இந்தச் சாய்வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். பின்புறத்தையும் நான்கு ஓரங்களையும் தனித்தனியாக எடுத்து, நீள அகலங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம்படி: பெரியவர்களிடம் கேளுங்கள், ஆனால் தனித்தனியாக

குடும்பக் கதைகளைப் பொய் என்று தள்ளுவதும் தவறு, அப்படியே ஏற்பதும் தவறு. ஒவ்வொரு பெரியவரையும் தனியாகச் சந்தித்து, மற்றவர் சொன்னதைச் சொல்லாமல் கேளுங்கள். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் குரல் பெரிதாக உள்ளவரின் நினைவே எல்லாருடைய நினைவாகவும் ஆகிவிடும். “இது யார்?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், “இந்தப் படம் முதலில் எந்த வீட்டில், எந்தச் சுவரில் இருந்தது? யார் கொண்டுவந்தது? வேறு யார் வீட்டிலாவது இதே படம் உண்டா?” என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் எங்களுக்கு வழி காட்டியது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயரில் ஒரு பொறி இருக்கிறது. தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். பெயரன் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். எனவே படத்தின் அடியில் ஒரு பெயர் எழுதியிருந்தால் அது தாத்தாவா பேரனா என்பது அறுபது ஆண்டு வேறுபாட்டை உண்டாக்கிவிடும். தலைப்பெழுத்தைப் பாருங்கள்; தந்தையின் பெயர் மாறும்போது அதுவும் மாறும்.

திதியைக் கேட்க மறக்காதீர்கள். வருடம் மறந்துபோன குடும்பத்திலும், திவசம் கொடுக்கும் மாதமும் பிறையும் திதியும் மறந்திருக்காது. “தை மாதம், தேய்பிறைச் சப்தமி” என்பதுபோல ஒரு குறிப்புக் கிடைத்தால் அது ஆண்டைச் சொல்லாது. ஆனால் ஆண்டு வேறெங்காவது கிடைக்கும்போது இறந்த நாளைப் பஞ்சாங்கத்தில் துல்லியமாகப் பிடித்துவிடலாம். குடும்பப் புரோகிதர் இருக்கும் வீடுகளில் அவரிடமே கோத்திரமும் மூன்று தலைமுறைப் பெயர்களும் எழுத்தில் இருக்கும்.

மூன்றாம்படி: இது ஓவியம்தானா?

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு பூதக்கண்ணாடி போதும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் வகை.

முகத்தின் நிழற்பகுதியில் அதை வைத்துப் பாருங்கள். ஒழுங்கான வரிசையில் புள்ளிகள் தெரிந்தால் அது அச்சுப்படம். 1880களுக்குப் பின் பரவிய அச்சுமுறை. அப்படியானால் ஓவியரைத் தேடிப் பயனில்லை, அச்சகத்தைத் தேட வேண்டும். புள்ளி இல்லாமல், காகிதத்தின் சொரசொரப்பான முகடுகளில் மட்டும் கரி ஒட்டி, பள்ளங்கள் வெண்மையாக நின்றால் அது கையால் வரைந்தது. கரி ஒளியை வாங்கிக்கொண்டு மங்கலாக நிற்கும்; பென்சிலின் காரீயமோ, சாய்த்துப் பார்த்தால் பளபளக்கும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. நம் ஊர் வீடுகளில் இருப்பவற்றில் மிகப் பல இந்த வகைதான். புகைப்படத்தைப் பெரிய காகிதத்தில் வெளிறலாக அச்சிட்டு, அதன் மேல் கரியாலும் கிரேயானாலும் ஓவியர் கை வைத்து முடிப்பார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்நாட்டில் தொடங்கிய இந்த முறையை, புகைப்படத்தைப் பெரிதாக்கி அச்சிட உதவும் புரோமைடு தாள் பரவிய பிறகு நம் ஊர் ஸ்டுடியோக்களும் தாராளமாகக் கையாண்டன. இதைக் கண்டுபிடிக்க, கரி குறைவாக உள்ள இடங்களைப் பாருங்கள்: காது மடல், கழுத்தோரம், விரல்நுனி. கோடே இல்லாமல் வெளிச்சம் நிழலாக வழுக்கிக்கொண்டு மாறினால் அடியில் புகைப்படம் இருக்கிறது. இருண்ட பகுதிகளைச் சாய்த்துப் பார்க்கும்போது நீலம் கலந்த வெள்ளி மினுக்கு தெரிந்தால் ஐயமே இல்லை. புகைப்படத் தாளில் உள்ள வெள்ளி காலப்போக்கில் மேலே வந்து படிவதால் உண்டாகும் மினுக்கு அது. அடியில் புகைப்படம் இல்லாமல், மெல்லிய பென்சில் கோட்டில் கட்டங்கள் தெரிந்தால், சிறிய புகைப்படம் ஒன்றைக் கட்டம் போட்டுப் பார்த்துப் பெரிதாக வரைந்திருக்கிறார்கள் என்று பொருள்.

எங்கள் வீட்டுப் படத்தில் வெள்ளி மினுக்கு இருந்தது. ஆகவே ரவிவர்மா கதை அங்கேயே தளர்ந்துவிட்டது. 1848இல் பிறந்து 1906இல் மறைந்த ரவிவர்மா எண்ணெய் வண்ண ஓவியர். 1894இல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் நாடெங்கும் வீடுகளுக்குள் வந்ததால், அழகாக இருந்த எந்தப் படத்துக்கும் அவர் பெயரைச் சொல்வது மக்களின் வழக்கமாகிவிட்டது. புகைப்படத்தின் மேல் கரி போட்டு முடிப்பது ஸ்டுடியோ ஓவியர்களின் வேலை. அப்படி முடித்துக் கொடுத்தவர்களின் கைத்திறன் குறைந்ததென்று நான் சொல்லமாட்டேன். எங்கள் பூட்டியின் கீழிமையில் ஊசிமுனையளவு விட்டுவைத்த அந்த வெண்புள்ளியால்தான் கண் இன்றும் ஈரமாகத் தெரிகிறது.

அதே பூதக்கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது. ரவிக்கை இருக்கும் இடத்தில் மட்டும் கரி தடித்துக் கிடந்தது. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தபோது, ரவிக்கையின் கைப்பகுதிக்கு அடியில் தோளின் வளைவு மங்கலாகத் தொடர்ந்து போனது. புகைப்படத்தில் பூட்டி ரவிக்கை அணிந்திருக்கவில்லை. அவர் தலைமுறைக் கிழவிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. படம் வரையச் சொன்ன பிள்ளைகள், ஸ்டுடியோவில் சொல்லி ரவிக்கையைச் சேர்த்திருக்கிறார்கள்.

உடையையும் நகையையும் வைத்துக் காலம் சொல்லப் புறப்படுகிறவர்கள் இதனால்தான் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். வாழ்நாளில் அட்டிகையே போடாதவருக்கு அட்டிகை வரைவதும், கைம்பெண்ணாக எடுத்த படத்தில் பொட்டும் பூவும் சேர்ப்பதும், இறந்த பிறகு எடுத்த புகைப்படத்தில் மூடிய கண்களைத் திறந்ததுபோல வரைவதும் ஓவியர்களிடம் வழக்கமாகக் கேட்கப்பட்டவை. பார்வை எங்கோ நிலைகுத்தி, முகத்தின் தசைகள் தளர்ந்து, தலை எதன்மீதோ சாய்ந்ததுபோலத் தோன்றினால், அந்த வாய்ப்பையும் எண்ணிப்பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் அதை மென்மையாகக் கேளுங்கள்.

நான்காம்படி: பின்புறமும் சட்டமும்

முன்புறத்தில் கிடைக்காதது பின்புறத்தில் கிடைக்கும். இங்கேதான் நாங்கள் இழந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி விரிசல் விட்டதென்று படத்தைச் சட்டம் மாற்றக் கொடுத்தார்கள். கடையில் பழைய பின்பலகையையும் அதில் ஒட்டியிருந்த சீட்டையும் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, புத்தம்புது அட்டை வைத்துக் கொடுத்துவிட்டார்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் படித்து வைக்கவில்லை. ஆகவே சட்டம் மாற்றக் கொடுப்பதாக இருந்தால், “பழைய ஆணி முதற்கொண்டு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்” என்று சொல்லிக் கொடுங்கள். அருகில் நின்று வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது.

பின்பலகை பிழைத்திருந்தால் அது ஒரு சிறிய ஆவணக் களஞ்சியம். தூசி புகாமல் இருக்க ஓரங்களில் செய்தித்தாள் ஒட்டுவது வழக்கம். அந்தத் தாளில் நாள் இல்லாவிட்டாலும் பத்திரிகையின் பெயரோ எழுத்துருவோ ஒரு கீழ்வரம்பு தரும். சுதேசமித்திரன் 1882இல் தொடங்கி 1899இல் நாளேடாயிற்று. தினமணி 1934இல் வந்தது. தினமணித் துண்டு ஒட்டிய சட்டம் 1934க்கு முன் மூடப்பட்டிருக்க முடியாது. எவ்வளவு பின்னால் என்பதை அது சொல்லாது. படத்தைப் பற்றியும் அது பேசாது, சட்டத்தைப் பற்றி மட்டுமே பேசும்.

சட்டக்கடைச் சீட்டைப் படிக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள். முகவரியில் ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் இருந்தால் அது 1972 ஆகஸ்டு 15க்குப் பிந்தையது. விலை அணாவில் குறித்திருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. நயா பைசா என்றிருந்தால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. சென்னை என்று ஆங்கில எழுத்தில் அச்சிட்டிருந்தால் அநேகமாக 1996க்குப் பிந்தையது. தமிழ் எழுத்தில் ணை, லை, ளை, னை ஆகியவை துதிக்கை வைத்த பழைய வடிவில் இருந்தால், 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சாக இருக்கலாம். ஆனால் பெரியாரின் ஏடுகள் 1935 முதலே புதிய வடிவத்தைக் கையாண்டன. கையால் எழுதியவர்களோ 1978க்குப் பிறகும் நெடுநாள் பழைய வடிவத்தை விடவில்லை. அதனால் அச்செழுத்துக்கு மட்டுமே இந்த அளவுகோலைப் பயன்படுத்துங்கள்.

மூடியிருக்கும் படத்தைப் பிரிப்பதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். மழைக்காலத்து ஈரத்தில் கரியும் காகிதமும் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால், பிரிக்கும்போது முகம் கண்ணாடியோடு வந்துவிடும். ஓரத்தில் ஒட்டியிருக்கும் அறிகுறி தெரிந்தால் பிரிக்காமல் விட்டுவிடுங்கள். ஒட்டவில்லை என்று உறுதியானால், படத்தைத் தரையில் முகம் கீழாக வைத்து, ஆணிகளை மெதுவாக நிமிர்த்தி, பின்பலகையை மட்டும் எடுத்துப் பாருங்கள்.

காகிதத்தின் பின்புறத்தில் பென்சிலில் எண்ணோ, ஊர்ப்பெயரோ, “2 படி” என்பது போன்ற குறிப்போ இருக்கலாம். அந்த எண் பெரும்பாலும் ஸ்டுடியோவின் ஆர்டர் எண் அல்லது நெகட்டிவ் எண். காகிதத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்க முடிந்தால் நீர்க்குறியைத் தேடுங்கள். இங்கிலாந்தின் வாட்மன் நிறுவனத்து ஓவியத் தாளில் பெயரோடு ஆண்டும் பதிந்திருப்பதுண்டு. படம் அந்த ஆண்டுக்கு முற்பட்டதாக இருக்க வழியில்லை. கள்ளநோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் புற ஊதா விளக்கு ஒன்று கிடைத்தால், இருட்டறையில் காகிதத்தின் ஓரத்தில் காட்டுங்கள். நீலவெண்மையாகப் பளீரென ஒளிர்ந்தால், அந்தத் தாளில் வெளுப்பூட்டும் வேதிப்பொருள் சேர்ந்திருக்கிறது. அது ஏறத்தாழ 1950க்குப் பின்னரே காகிதத் தொழிலில் பரவியது. மங்கிய மஞ்சளாகவே நின்றால், பழையதாக இருக்கலாம் என்பதற்குத் தடையில்லை, அவ்வளவுதான்.

ஐந்தாம்படி: உருவத்தில் உள்ள அடையாளங்கள்

சேர்த்து வரையப்பட்டவை எவை என்று பிரித்தறிந்த பிறகே இந்தப் படிக்கு வர வேண்டும். எங்கள் படத்தில் பாம்படம் புகைப்படத்திலேயே இருந்தது. காது மடலின் நீளத்தை ஓவியர் கற்பனையால் வரைந்திருக்க முடியாது. பாம்படத்துக்குக் காது வளர்ப்பது குழந்தைப் பருவத்திலேயே தொடங்கும். ஆகவே அது படம் வரைந்த காலத்துக்குச் சான்றல்ல; அவர் பிறந்து வளர்ந்த காலத்துக்கும், தென்மாவட்டத்து வாழ்வுக்கும் சான்று.

ஆண்களின் படங்களில் கோட்டின் மார்பில் பதக்கம் இருந்தால் நன்றாகப் பெரிதாக்கிப் பாருங்கள். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டம் பெற்றவர்களுக்குரிய பட்டப் பதக்கம் 1911 டிசம்பரில் தில்லி தர்பாரின்போது ஏற்படுத்தப்பட்டது. அது மார்பில் இருந்தால் படம் அதற்குப் பிந்தையது. பட்டம் வழங்கிய செய்தி அரசிதழில் வந்திருக்கும். பெயரும் பதவியும் ஊரும் அதில் கிடைத்துவிடும்.

படம் இடவலமாகத் திரும்பியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நெகட்டிவை முன்பின் புறம் மாற்றி வைத்து அச்சிட்டால் அப்படி ஆகும். பூணூல் இடத்தோளிலிருந்து வலப்பக்கம் இறங்க வேண்டும். மாறியிருந்தால் படம் திரும்பியிருக்கலாம். பெண்களின் முந்தானையை வைத்து அவசரப்பட்டு முடிவு செய்யாதீர்கள். மடிசார் கட்டில் ஐயர் வீட்டுப் பெண்களுக்கு முந்தானை வலத்தோளில் வரும், ஐயங்கார் வீட்டில் இடத்தோளில் வரும். வைணவக் குடும்பமானால் நாமம் வடகலையா தென்கலையா என்பதே படத்திலிருப்பவர் எந்தக் கிளையினர் என்ற ஐயத்தைத் தீர்த்துவிடும்.

பின்னணியில் திரைச்சீலை, தூண், வளைகால் மேசை போன்றவை தெரிந்தால் அவற்றைத் தனியே வெட்டிச் சேமித்து வையுங்கள். ஒரே திரைச்சீலை ஒரு ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் தொங்கியிருக்கும். பெயர் தெரிந்த வேறொரு புகைப்படத்தில் அதே திரைச்சீலையைக் கண்டால் உங்கள் படத்தின் ஸ்டுடியோவும் தெரிந்துவிடும்.

ஆறாம்படி: பழைய ஆண்டுக் கணக்கு

வீட்டுக் கணக்கேட்டிலோ, மொய் நோட்டிலோ, படத்தின் பின்புறத்திலோ கிடைக்கும் ஆண்டு பெரும்பாலும் ஆங்கில ஆண்டாக இருக்காது. அறுபது வருடச் சுற்றில் பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது, அங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஆனால் ஒரே பெயர் அறுபது ஆண்டுக்கொருமுறை திரும்பி வருவதால், வேறொரு சான்றும் கையில் இருக்க வேண்டும். நெல்லை, குமரிப் பகுதிகளில், சுற்றிவராமல் தொடர் எண்ணாக ஏறிக்கொண்டே போகும் கொல்லம் ஆண்டு அந்த உதவியைச் செய்கிறது. ஆவணியிலிருந்து மார்கழிப் பாதி வரை 824ஐயும், ஆங்கிலப் புத்தாண்டுக்குப் பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும்.

எங்கள் ஆச்சியின் தகப்பனார் வீட்டுப் பழைய கணக்கேடு ஒன்றில், பூட்டி இறந்ததற்கான செலவுக் கணக்கின் தலைப்பில் “கொல்லம் 1098 துந்துபி தை” என்றிருந்தது. துந்துபி 1862, 1922, 1982 ஆகிய மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். கொல்லம் 1098 என்பது 1922 ஆகஸ்டு முதல் 1923 ஆகஸ்டு வரை. இரண்டும் பொருந்தும் தை மாதம் 1923 சனவரியின் நடுவில் தொடங்கியது. தேய்பிறைச் சப்தமி என்று திதி ஏற்கெனவே எங்களிடம் இருந்ததால், மிச்சத்தைப் பழைய பஞ்சாங்கம் முடித்துக் கொடுத்தது. நோட்டின் முதல் பக்கத்தில் மையால் எழுதிய முதல் வரி அதுதான்.

ஏழாம்படி: இரட்டைப் படத்தைத் தேடுங்கள்

வீட்டுப் பெரியவர் இறந்தால், பிள்ளைகள் ஆளுக்கொரு படம் வேண்டுமென்று ஒரே புகைப்படத்திலிருந்து பல படிகள் போடச் சொல்வது பரவலாக இருந்தது. ஆகவே உங்கள் படம் தனித்த ஒன்றாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். படத்திலிருப்பவருக்கு எத்தனை மக்கள், அவர்களின் வழியினர் இன்று எங்கே என்று ஒரு கொடிவழி வரைந்து, ஒவ்வொரு கிளைக்கும் உங்கள் படத்தின் நகலை அனுப்புங்கள். சொத்துப் பிரிந்த பாகப்பிரிவினைப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைப் பதிவு அலுவலகத்தில் கேட்டுப் பெற்றால், மறந்துபோன பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கும்.

பெரியம்மையிடம் நான் கடைசிக் கேள்வியைக் கேட்டபோது, “கோவில்பட்டியில மூத்த மாமா வீட்ல ஒண்ணு கெடந்துதே, பார்க்கலியா நீ?” என்றார். போய்ப் பார்த்தோம். நெற்குதிருக்குப் பின்னால், சாக்கில் சுற்றி வைத்திருந்தார்கள். அதே முகம், அதே பாம்படம், கீழிமையில் அதே வெண்புள்ளி. ரவிக்கை மட்டும் இல்லை. சேலை தோளைச் சுற்றி வந்து, வெறும் தோள்மூட்டு தெரிந்தது. மூத்த மகன் தாயை இருந்தபடியே வரையச் சொல்லியிருக்கிறார். எங்கள் கிளை ரவிக்கை சேர்க்கச் சொல்லியிருக்கிறது. பின்பலகையில் சீட்டும் இருந்தது. மேற்பாதியை இராமபாணப் பூச்சி தின்றுவிட்டதால் கடையின் பெயரில் கடைசிச் சொல் மட்டுமே மிஞ்சியிருந்தது. கீழ்ப்பாதியில், போட்டோ, கிரேயான், ஆயில் கலர் வேலைகள் செய்து தரப்படும் என்ற வரியும், மதுரை மேலக்கோபுரத் தெரு என்ற முகவரியும் தெளிவாக இருந்தன. கொழும்புக் கதையும் அத்துடன் முடிந்தது. படத்துக்குப் பணம் அனுப்பிய இளைய மகன் கொழும்பில் கடை வைத்திருந்தவர் என்று அங்கேதான் அறிந்தோம். கதை எங்கிருந்து முளைத்தது என்பதும் விளங்கிற்று.

எட்டாம்படி: ஆவணக் காப்பகங்கள்

ஊரும் ஏறத்தாழ ஆண்டும் கிடைத்த பிறகே காப்பகத்துக்குப் போக வேண்டும். அதற்கு முன் போனால் கடலில் ஊசி தேடுவதுதான். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பழைய அரசிதழ்களும் மாவட்ட ஆவணங்களும் உள்ளன. சென்னை மாகாணத்துக் கடைகளையும் தொழில் செய்தோரையும் பட்டியலிட்ட அசைலம் பிரஸ் ஆண்டுப் புத்தகங்கள், சென்னை நகரத்து ஸ்டுடியோ ஒன்று எந்த ஆண்டு முதல் எந்தத் தெருவில் இருந்தது என்று பார்க்க மிகவும் பயன்படும். சிற்றூர்க் கடைகள் அவற்றில் அரிதாகவே இடம்பெறும். இலங்கைத் தொடர்பு உள்ளவர்கள் பெர்குசன் நிறுவனத்தின் இலங்கை டைரக்டரிகளைப் பார்க்கலாம். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய தமிழ் இதழ்களின் விளம்பரப் பக்கங்களைப் புரட்டினால், “என்லார்ஜ்மெண்டு” விளம்பரங்கள் கண்ணில் படும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் புகைப்படங்களைத் தேடித் திரட்டி, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டத்தின் வழியாக மின்வடிவில் காக்கும் பணியைச் செய்திருக்கிறது. திரைச்சீலைகளையும் நாற்காலிகளையும் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

ஓவியரின் பெயரைத் தேடுவது இவற்றிலும் கடினம். கையெழுத்து இருந்தால் பெரும்பாலும் வலப்பக்கக் கீழ்மூலையில், சட்டத்தின் விளிம்புக்குள் மறைந்து கிடக்கும். ஸ்டுடியோவின் பெயரை ஓவியரின் பெயராக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளே உட்கார்ந்து கரி போட்டவர் வேறொருவராக இருப்பார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்களில் பலர் மாவட்டங்களுக்குப் போய் ஓவிய ஆசிரியர்களாகவும், நாடகத் திரை எழுதுபவர்களாகவும், ஸ்டுடியோ ஓவியர்களாகவும் பிழைத்தார்கள். நாடகத் திரைச்சீலை எழுதிவிட்டுக் கோவில்பட்டியில் நிலைத்து, காலண்டர் படங்களால் வீடுதோறும் அறியப்பட்ட கொண்டையராஜு (1898–1976) அந்தப் பள்ளியில் பயின்றவர்தான். அவரைப் போலப் பெயர் நிலைத்தவர் சிலரே. முகங்களை நமக்கு விட்டுச்சென்ற மற்றவர்கள் பெயரில்லாமலே போய்விட்டார்கள். கையெழுத்து இல்லாத படத்துக்குப் புகழ்பெற்ற ஒரு பெயரை ஒட்டவைப்பது, உண்மையில் வரைந்தவருக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்பதாம்படி: எழுதி வைத்தலும் பாதுகாத்தலும்

படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள், பசை போட்டு அட்டையில் ஒட்டாதீர்கள், கரி உதிராமல் இருக்க எதையும் தெளிக்காதீர்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் இடையே சிறிய இடைவெளி இருக்குமாறு உள்விளிம்பு அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். வெளிச்சுவரில் மாட்டினால் மழைக்காலத்து ஈரம் இறங்கும்; உட்சுவரில், வெயில் விழாத இடத்தில் மாட்டுங்கள். பூமாலையைப் படத்தின் மேல் போடாமல் கீழே வைப்பது நல்லது. மாலையின் ஈரத்துக்குத்தான் இராமபாணம் முதலில் வருகிறது. பூஞ்சை படர்ந்திருந்தாலோ காகிதம் நொறுங்கினாலோ நீங்களே கை வைக்காமல், காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள்.

கண்டறிந்தவற்றை அமிலமில்லாத தாளில் பென்சிலால் எழுதி, உறையிலிட்டுப் பின்பலகையில் வையுங்கள். படத்தின் மேல் நேராக எழுத வேண்டாம். உறுதியானதையும் ஊகத்தையும் கலக்காமல் எழுதுங்கள். எங்கள் இரண்டு படங்களின் பின்னாலும் இப்போது ஒரே வாசகம் இருக்கிறது:

“இறந்தது: கொல்லம் 1098, துந்துபி, தை, தேய்பிறைச் சப்தமி. கணக்கேட்டாலும் திதியாலும் உறுதி. புகைப்படம்: அதற்கு முன், எடுத்த இடம் தெரியாது. வரைந்த இடம்: மதுரை மேலக்கோபுரத் தெரு, சீட்டால் உறுதி. வரைந்தவர் பெயர் தெரியாது. பணம் கொடுத்தது கொழும்பிலிருந்த இளைய மகன். மூத்த மாமா வீட்டார் சொன்னது. ஒரு படத்தில் உள்ள ரவிக்கை பின்னால் சேர்த்தது. பூட்டி அணிந்ததில்லை.”

கடைசி இரண்டு வரிகளை எழுதச் சொன்னவர் பெரியம்மை.